நான் விழுங்கிய வாக்கியம்

சிராங்கூன் ரோட்டில் என்னைக் காண்பவர்கள் இப்போதெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. எந்த ஆசனம் போட்டீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். யோகத்தாலேயே நெஞ்சு நோயைத் தீர்த்துக்கொண்டவன் என்று எனக்கு ஒரு பெயர் கிளம்பியிருக்கிறது. போன வாரம் மளிகைக் கடையில் ஒருவர், நான் மூச்சை அடக்கித் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். நான் எழும்பவில்லை, விழுந்தேன். அதையும் சேர்த்து நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் எனக்கும் நிம்மதி, கேட்பவர்களுக்கும் ஆபத்தில்லை.

நான் போலீஸ் கோர்ட்டில் தமிழ் துபாசி. மாஜிஸ்திரேட் துரைக்குத் தமிழ் தெரியாது, சாட்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்று இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் சொல்வது என் வேலை. சாட்சி கெட்ட வார்த்தை சொன்னால் அதைக் கெட்ட வார்த்தையாகவே துரையின் காதில் போட வேண்டும். மெருகு ஏற்றக் கூடாது, இரக்கப்பட்டு ஒரு சொல்லை விடவும் கூடாது. பதினோரு வருஷம் அப்படி நின்றிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நோய் முதலில் வறட்டு இருமலாக வந்தது. பிறகு சாயங்காலக் காய்ச்சல். வலது விலாவில், மூச்சை இழுத்தால் ஊசி குத்துவது போல ஒரு வலி. சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டே மூன்று வாரம் கோர்ட்டுக்குப் போனேன். ஒரு நாள் மாட்டுத் திருட்டு வழக்கு. சாட்சி மூச்சு விடாமல் பேசுகிற மனிதர். அவர் சொன்னதை இங்கிலீஷில் ஆரம்பித்த எனக்குப் பாதி வாக்கியத்தில் காற்று தீர்ந்துபோயிற்று. வாய் திறந்திருக்கிறது, சொல் வரவில்லை. துரை எழுதுகோலை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்று மத்தியானமே கோர்ட்டுக் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணி என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீளமான பெஞ்சுகள். சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்பவர்கள், ரிக்‌ஷா இழுக்கும் சீனர்கள், ஜோகூர்த் தோட்டத்திலிருந்து படகில் வந்த கூலிகள் என்று எல்லோரும் ஒரே மாதிரி முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் யார் என்று தெரிந்ததும் டிரெஸ்ஸர் என்னைச் சும்மா விடவில்லை. டிரெஸ்ஸர் என்றால் காயத்துக்குக் கட்டுப் போட்டு, மருந்து கொடுத்து, டாக்டருக்கு உதவியாக நிற்பவர். இவர் பெயர் ஆரோக்கியசாமி. என் முறை வருவதற்குள் நாலு பேருடைய வயிற்று வலியை டாக்டருக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் துரை நரைத்த மீசைக்காரர், அதிகம் பேச மாட்டார். என் முதுகில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் அதன்மேல் தட்டிக்கொண்டே வந்தார். இடது பக்கம் தட்டியபோது காலிக் குடத்தின் சத்தம். வலது பக்கம் அடியில் தண்ணீர் நிறைந்த குடத்தைத் தட்டியது போல மொத்தென்று இருந்தது. அதற்கு ‘புளூரிசி’ என்று பெயர். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. அவை அழற்சி கண்டு நடுவே நீர் கட்டிக்கொண்டால் நுரையீரலுக்கு விரிய இடம் இருக்காது. எனக்கு அப்படித்தான் கட்டியிருந்தது.

மறுநாள் நீரை எடுத்தார்கள். என்னை நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து, தோலை மரக்கடிக்க ஒரு மருந்து போட்டு, இரண்டு விலா எலும்புக்கு நடுவே நீளமான ஊசியை இறக்கினார்கள். ஊசியின் மறுமுனையில் ரப்பர்க் குழாய், குழாயின் முனையில் கண்ணாடிக் குடுவை. வலியைவிட, உள்ளே ஏதோ நகர்கிறதே என்ற பயம்தான் பெரிது. குடுவையில் வெளிறிய தேநீர் நிறத்தில் நீர் ஏறிக்கொண்டே வந்தது. இவ்வளவையும் சுமந்துகொண்டா சாட்சி விசாரித்தேன் என்று எனக்கே ஆச்சரியம்.

என் கோழையையும் எடுத்துப்போனார்கள். அதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தால் காசநோயின் கிருமி இருக்கிறதா என்று தெரியுமாம். இருந்தால் என்னைத் தனிக் கொட்டகைக்கு மாற்றிவிடுவார்கள், கோர்ட்டு வேலையும் போய்விடும். முடிவு தெரிய மூன்று நாள். அந்த மூன்று நாளும் யார் வார்டுக்குள் நுழைந்தாலும் அவர் கையைத்தான் பார்த்தேன்.

என் மனைவி காமாட்சி தினமும் மத்தியானம் தூக்குச் சட்டியோடு வருவாள். டிராமில் பாதி வழி, மீதி நடை. ரசச் சோறு வெதுவெதுப்பு ஆறாமல் இருக்கத் தூக்கைப் பழைய கம்பளித் துண்டில் சுற்றிக்கொண்டு வருவாள். டிராமில் பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண், உள்ளே இருப்பது குழந்தை என்று நினைத்துத் துண்டை விலக்கிப் பார்த்தாளாம். அதைச் சொல்லிவிட்டு இவளே சிரித்தாள். நோயின் பெயரை மட்டும் கேட்கவே மாட்டாள். காரணம் எனக்குத் தெரியும். நாகப்பட்டினத்தில் இவளுடைய அக்காள் காசத்தில்தான் போனாள். பதினாலு வயதில் அக்காளின் எச்சில் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இவள். கலியாணமான இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை இவள் வாயால் நான் கேட்டதில்லை.

அடுத்த கட்டிலில் மாரிமுத்து என்ற மாட்டு வண்டிக்காரர். வண்டிச் சக்கரம் ஏறி முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது. ஒரு காலை டாக்டர் அவர் கட்டிலருகே நின்று, புண் அழுகத் தொடங்கினால் காலை எடுக்க வேண்டியிருக்கும், நான்கு நாளில் தெரியும் என்றார். டிரெஸ்ஸர் அப்போது இல்லை. என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றையும் மெழுகாமல் அப்படியே தமிழில் சொன்னேன். மாரிமுத்து கட்டுப் போட்ட காலை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“உள்ளதச் சொல்லிட்டீங்க துபாசி ஐயா. அதுவே போதும்லா,” என்றார்.

நாலு நாள் கழித்து அவர் கால் தப்பிவிட்டது. எனக்கும் கோழையில் கிருமி தென்படவில்லை என்று சொன்னார்கள். பத்தாம் நாள் டாக்டர் என்னை வீட்டுக்குப் போகலாம் என்றார். அப்போது அவர் சொன்ன வாக்கியங்கள் எனக்கு இன்றும் வரிசையாக நினைவில் இருக்கின்றன. “கிருமி தென்படவில்லை என்பதால் காசம் இல்லை என்று உறுதி சொல்ல மாட்டேன். இந்த நோய் பல பேருக்கு அதன் முன்னறிவிப்பாக இருந்திருக்கிறது. நுரையீரல் விரியாவிட்டால் உன்னால் கோர்ட்டு வேலை செய்ய முடியாது. தினமும் மெதுவாக ஆழமாக மூச்சை இழுத்து விடு. எக்காரணம் கொண்டும் மூச்சைப் பிடித்து வைக்காதே. உள்ளே புண் இன்னும் ஆறவில்லை.”

அவரும் ஆரோக்கியசாமியும் அடுத்த கட்டில்களுக்கு நகர்ந்தார்கள். வார்டு வாசலில் நின்றிருந்த காமாட்சி வேகமாக வந்தாள்.

“என்னங்க சொன்னாரு?”

“எல்லாம் சரியாயிடுச்சாம். நல்லா மூச்ச இழுத்து விடச் சொன்னாரு.”

“அவ்வளவுதானா? ரொம்ப நேரம் பேசினாரே.”

“துரைங்க அப்படித்தான் பேசுவாங்க.”

ஆறு வாக்கியத்தை இரண்டாக்கினேன். காசத்தை மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் அதை மட்டும் உருவி எடுக்க முடியாமல், கூடவே வந்ததையும் சேர்த்து விழுங்கிவிட்டேன்.

காமாட்சி சும்மா இருக்கிற ரகம் இல்லை. மூச்சு என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே பஞ்சாங்கமும் பாட்டுப் புத்தகமும் விற்கிற கடைக்குப் போய், சென்னையில் அச்சான ஒரு சிறிய பிராணாயாமப் புத்தகத்தோடு வந்தாள். அதில் முதல் பக்கத்திலேயே ஒரு சங்கடம். கண்களை மூடிக்கொள்க என்று போட்டிருந்தது. கண்ணை மூடியவன் அடுத்த வரியை எப்படிப் படிப்பது? “நீங்க மூடுங்க, நான் படிக்கிறேன்,” என்றாள். அப்படித்தான் எங்கள் வீட்டு யோகம் ஆரம்பித்தது.

நாங்கள் குடியிருந்தது ஒரு கடைவீட்டின் மாடி அறையில். பின்னால் பால்காரர்களின் மாட்டுக் கொட்டகை. விடிகாலையில் பாயை விரித்து நான் முதுகை நிமிர்த்தி உட்காருவேன். அவள் சன்னலோரம் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த ராகத்திலேயே வாசிப்பாள். “நாசி நுனியை நோக்குக. மனத்தை இதயத் தாமரையில் நிறுத்துக. பக்கம் எட்டு.” பக்க எண்ணையும் விட மாட்டாள். இதயத் தாமரையில் நிற்க வேண்டிய என் மனம் பக்கம் எட்டில் நின்று சிரிக்கும். “சிரிச்சா முதல்லேருந்து படிப்பேன்,” என்று அதட்டுவாள். அந்த அதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் என்னைத் தட்டினார்கள், குத்தினார்கள், எழுதிக்கொண்டார்கள். இங்கே ஒருத்தி என்னைத் திரும்ப மனிதனாக்கியே தீருவேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள்.

புத்தகத்தின் கணக்கு இது: நாலு எண்ணும் வரை இழு, பதினாறு எண்ணும் வரை உள்ளே நிறுத்து, எட்டு எண்ணும் வரை விடு. அந்த நடுப்பகுதிக்குக் கும்பகம் என்று பெயர். அவள் அதைப் படித்தவுடன் டாக்டரின் குரல் என் காதில் கேட்டது. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏன் கூடாது என்று கேட்பாள். புண் ஆறவில்லை என்றால், அப்போ சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே என்பாள். ஒரு நூலை இழுத்தால் முழுச் சேலையும் பிரிந்துவிடும். ஐந்து எண்ணிக்கை நிறுத்தினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நிறுத்தினேன்.

ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஆறு. அடுத்த நாள் ஏழு. ஒவ்வொரு எண் கூடும்போதும் அவள் முகம் தெளிவதைப் பார்த்தேன். எனக்கும் ஆசை பற்றிக்கொண்டது. டாக்டர் சும்மா பயமுறுத்தினார் என்று நினைக்கத் தொடங்கினேன். பன்னிரண்டாம் நாள் பதினாறைத் தொட்டுவிடுவது என்று இருவரும் தீர்மானித்தோம்.

“பதிமூணு... பதினாலு... விட்டுடாதீங்க... பதினஞ்சு...”

விலாவுக்குள் ஏதோ துணி கிழிவது போல இருந்தது. பிறகு பாய் முகத்தில் வந்து மோதியது. எழுந்து உட்காரப் பார்த்தேன், மூச்சு தொண்டையைத் தாண்டி இறங்கவில்லை. காமாட்சி படியில் ஓடிப்போய்ப் பால்காரரை அழைத்து வந்தது, ரிக்‌ஷாவில் என் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு, “இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க,” என்று வழி நெடுக முணுமுணுத்தது, இவைதான் நினைவில் இருக்கின்றன.

டாக்டர் மறுபடியும் தட்டினார். இந்த முறை வலது பக்கம் மத்தளம் மாதிரி ஒலித்தது. முதல் தடவை நீர், இப்போது காற்று. ஆறாத இடம் கிழிந்து, நுரையீரலுக்குள் இருக்க வேண்டிய காற்று வெளியே கசிந்து சவ்வுகளுக்கு நடுவே நின்றுவிட்டது. கசிவு சிறிது என்றால் அசையாமல் படுத்திருந்தால் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். பெரிது என்றால் அந்தப் பக்கத்து நுரையீரல் சுருங்கிப் போகும். எது என்று இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கோபமாகக் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. ஆரோக்கியசாமிதான் காமாட்சி பக்கம் திரும்பினார்.

“மூச்சப் பிடிச்சீங்களான்னு துரை கேக்குறாரும்மா. பிடிக்கவே கூடாதுன்னு அன்னைக்கே சொன்னாரே, நான் பக்கத்துலதான நின்னேன்.”

காமாட்சி தூக்குச் சட்டி இல்லாத வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“நான்தான எண்ணினேன்,” என்றாள். “விட்டுடாதீங்கன்னு வேற சொன்னேன்.”

எனக்கு வந்த நோயிலேயே கொடிய வலி அதுதான். ஊசியெல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம். உன்மேல் தப்பில்லை என்று சொல்லக்கூட எனக்குக் காற்றில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் பார்க்கவில்லை.

இரண்டு நாள் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அதற்குள் கசிவு சிறிதுதான் என்று தெரிந்தது, மூச்சும் கொஞ்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. மூன்றாம் நாள் டாக்டர் வரும் நேரத்துக்கே வந்துவிட்டாள். கையில் அந்தப் புத்தகம். டாக்டர் என் கட்டிலுக்கு வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

“டாக்டர் துரைகிட்ட நான் சிலது கேக்கணும். நீங்களே இங்கிலீஷுல எடுத்துச் சொல்லுங்க. ஆனா அதுக்கு முன்னாடி, கோர்ட்டுல ஒரு சத்தியம் பண்ணுவீங்களே, அதப் பண்ணுங்க.”

“காமாட்சி, இது ஆஸ்பத்திரி.”

“யாரோ மாடு திருடினவனுக்கு ஒரு சொல்லு கொறையாமச் சொல்றீங்க. இந்த வண்டிக்காரருக்கு அவர் கால் போகலாம்னு நேருக்கு நேர் சொன்னீங்களாம், அவரே சொன்னாரு. நான் என்ன, அவங்கள விடக் கேவலமா?”

இந்தத் தடவையும் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்த மாரிமுத்து போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டார். டாக்டர் என்ன என்று கேட்டார். நடந்ததை நான் இங்கிலீஷில் சொன்னேன், என் பொய் உட்பட. அவர் மீசை அசைந்தது. சிரிக்கவில்லை. காதில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றிவிட்டு நேராக நின்றார். நான் படுத்தபடியே வலது கையைத் தூக்கி, கேட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் உண்மையாக மொழிபெயர்ப்பேன் என்று ஆண்டவன் சாட்சியாகச் சத்தியம் செய்தேன். பதினோரு வருஷத்தில் எத்தனையோ முறை செய்தது. அன்றுதான் குரல் நடுங்கியது.

அவள் புத்தகத்தை என் மார்புமேல் விரித்தாள். வரி வரியாகத் தமிழில் வாசித்தாள், நான் இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கும்பகம், அடித்தார். துருத்தி மாதிரி வேகமாக மூச்சு விடுவது, அடித்தார். தலைகீழாக நிற்பது என்று நான் மொழிபெயர்த்ததும் இரண்டு கோடு போட்டு அடித்தார். முதுகு நிமிர்ந்து உட்காருவது, நாலு எண்ணி இழுப்பது, எட்டு எண்ணி விடுவது, கையை மெதுவாக உயர்த்துவது, சவாசனம், கண்ணை மூடி மனத்தை ஓரிடத்தில் வைப்பது ஆகியவற்றை விட்டுவைத்தார். “இது நல்லது. நான் சொல்வதும் இதுவே,” என்றார். எப்போது தொடங்கலாம் என்று கேட்டாள். மூன்று வாரம் அசையாமல் படுத்த பிறகு என்றார். இருபத்தோரு நாளா என்று விரலில் எண்ணிக்கொண்டாள்.

காசம் பற்றி மட்டும் அன்று அவள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது துபாசி வேலையில்லை என்று நானும் இருந்துவிட்டேன். அந்தக் கோழைத்தனத்தையும் எழுதிவைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் பயிற்சி வேறு மாதிரி ஆயிற்று. இதயத் தாமரை எனக்கு ஒத்துவரவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தானே சொல்லத் தொடங்கினாள். “இப்ப வீட்டுப் படியில எறங்குறீங்க. இழுங்க. பால்காரர் கொட்டகையத் தாண்டுறீங்க. விடுங்க. டிராமுக்கு ஓட வேணாம், அடுத்தது வரும். இழுங்க.” இப்படிக் கண்ணை மூடியிருக்கும் என்னைச் சிராங்கூன் ரோடு முழுக்க நடத்திக் கொண்டுபோய்க் கோர்ட்டுப் படிக்கட்டில் ஏற்றுவாள். மூச்சு இரைத்தால் இரண்டு படி கீழே இறக்கிவிடுவாள். மேல் படிக்கு வந்து சேர எனக்கு ஏழு வாரம் பிடித்தது. காய்ச்சல் இல்லாத நாட்களிலும் சோம்பேறித்தனம் வந்தது, அழுகை வந்தது, போதும் என்று பாயைச் சுருட்டியும் வைத்தேன். அவள் மறுபடி விரித்தாள். யாரிடமும் சவால் விடுகிற மாதிரி இல்லை. அரிசி களைகிற மாதிரி தினப்படி வேலையாகச் செய்தாள்.

நாலு மாதம் கழித்து டாக்டரிடம் கடைசிப் பரிசோதனைக்குப் போனேன். பரிசோதனை அறைக்குள் கூட வருபவர்களை விட மாட்டார்கள் என்பதால் அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பதினைந்து நிமிஷத்தில் வெளியே வந்தேன். எழுந்து நின்றாள். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

மழுப்ப வழி இருந்தது. நல்ல செய்தியும் கையில் இருந்தது, அதை மட்டும் நீட்டியிருக்கலாம். சுவரில் சாய்ந்துகொண்டு, அவர் சொன்ன வரிசையிலேயே ஆரம்பித்தேன்.

“நுரையீரல் மேல்பக்கம் நல்லா விரிஞ்சிருக்கு. அடிப்பக்கம் ஒட்டிக்கிச்சு, அது இனிமே விரியாது. கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா நீளமாப் பேசினா நடுவுல நிறுத்தி மூச்சு வாங்கணும், அதுக்கு மாஜிஸ்திரேட் துரைகிட்ட அனுமதி கேட்டுக்கணும். அப்புறம்...” இங்கே எனக்குக் காற்று தீர்ந்தது. அன்று மாட்டுத் திருட்டு வழக்கில் தீர்ந்தது போலவே. காமாட்சி என் வாக்கியத்தைத் தான் முடித்து வைக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. நின்றாள். நான் நாலு எண்ணி இழுத்தேன்.

“இது பின்னால காசமா மாறலாமாம். ரெண்டு வருஷம் வராம இருந்தாத்தான் பயமில்லன்னு சொல்ல முடியுமாம். வரவே வராதுன்னு அவர் சொல்லல.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் கண்களை மூடிக்கொண்டாள். அக்காளின் கிண்ணத்தைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய் நின்றேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. சற்று நேரத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“வேற எதையும் விடலயே?”

“விடல.”

“சரி. ரெண்டு வருஷம் ஒண்ணா பயப்படலாம். வாங்க, வெயில் ஏறுது. நாளைக்கு அஞ்சரைக்கு எழுப்புவேன், முனகக் கூடாது.”

அது நடந்து பதினேழு மாதம் ஆகிறது. இன்று காலையும் எழுப்பினாள்.